முகப்பொலிவுத் திட்டமும் மூன்றாம் ஜன்னலும்

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மீது பொதுமக்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதல் குறை, குழாயில் தண்ணீர் வருவதில்லை. இரண்டாவது குறை, அதைச் சொல்ல வந்தால் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர்கள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தலைமை அலுவலகம் இரு குறைகளையும் உரிய கவனத்துடன் பரிசீலித்தது. முதல் குறையைத் தீர்க்க வேண்டுமானால் தெருவைத் தோண்ட வேண்டும், பழைய குழாயை எடுக்க வேண்டும், புதுக் குழாய் பதிக்க வேண்டும், அப்புறம் அதில் விடுவதற்குத் தண்ணீரும் வேண்டும். இரண்டாவது குறை அப்படியல்ல. முகங்கள் பூமிக்கு மேலேயே, எட்டும் உயரத்தில், ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு இருக்கின்றன. நல்ல நிர்வாகம் கைக்கு எட்டியதிலிருந்துதான் தொடங்கும். ஆகவே முகப்பொலிவுத் திட்டம் பிறந்தது.

"பொதுமக்களை நேரிலோ மறைமுகமாகவோ எதிர்கொள்ளும் அனைத்து நிலை அலுவலர்களும் பணி நேரத்தில் பொலிவான முகத்துடன் காணப்படுதல் வேண்டும்," என்றது சுற்றறிக்கை. "பொலிவு இயற்கையாக அமையாத இனங்களில் உரிய சாதனங்களைக் கொண்டு அதனை ஏற்படுத்திக்கொள்ளலாம். சாதனங்களைப் பூசுவதற்கான தூரிகைகளை அந்தந்த அலுவலகமே கொள்முதல் செய்துகொள்க."

விரலால் பூசிக்கொண்டால் ஆகாதா என்று யாரும் கேட்கவில்லை. விரல் அலுவலகச் சொத்து அல்ல. இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது.

சுற்றறிக்கை வந்த காலையில் இயக்குநர் தம் கண்காணிப்பாளரை அறைக்குக் கூப்பிட்டார். கண்காணிப்பாளர் ஐம்பதைத் தாண்டியவர். எதையும் இரண்டு முறை யோசிப்பார். மூன்றாம் முறை யோசிக்கும்போது முதல் இரண்டு முறையும் தப்போ என்று சந்தேகப்படுவார். அலுவலகத்தில் இதை நிதானம் என்றார்கள். வீட்டில் வேறு சொல் இருந்தது.

"உட்காருங்க. உங்களுக்கு பிரஷ் வாங்கின அனுபவம் இருக்கு, இல்ல?" என்றார் இயக்குநர்.

"அது கட்டடப் பிரிவுல இருந்தப்போ சார். சுவருக்கு வெள்ளையடிக்கறதுக்கு."

"அதனால என்ன? சுவரும் ஒரு பரப்பு, மூஞ்சியும் ஒரு பரப்பு. நீங்க வாங்கினதுல முடி கொட்டுச்சுன்னு ஒரு புகார் உண்டா?"

"ஒரு தடவை கொட்டுச்சு சார். சுவரெல்லாம் மீசை முளைச்ச மாதிரி ஆயிடுச்சு."

"பாத்தீங்களா, அனுபவம்! இந்த ஆபீஸ்ல வேற யாருக்கு இருக்கு? நீங்கதான் பண்றீங்க."

கண்காணிப்பாளர் நாற்காலியின் நுனியில் இருந்தபடியே மேசையின் இடதுபக்க இழுப்பறையைப் பார்த்தார். அவருடைய இடமாறுதல் மனு அதற்குள்தான் வருஷக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்தது. அவர் மனைவி பள்ளி ஆசிரியை. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் அவள் ஊர் வரும். இங்கே இவருக்கு ஒரு வாடகை அறை, சட்டை காயப்போட ஒரு கொடி, பால் காய்ச்ச ஓர் அடுப்பு, மனைவியோடு பேச ஒரு போன். நீண்ட விடுமுறைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போன தடவை போனபோது டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது. அது அவரை ரயிலில் ஏறின பிறகும் விடவில்லை.

இயக்குநர் அந்தப் பார்வையைக் கவனித்தார். இயக்குநர் ஆனவர்கள் இப்படிப்பட்ட பார்வைகளைக் கவனிக்காமல் அந்த இடத்துக்கு வருவதில்லை.

"இந்தக் கொள்முதல் முடிஞ்சு, திட்டம் ஒழுங்கா ஓடட்டும். அன்னிக்கே உங்க மனுல கையெழுத்து," என்றார், இழுப்பறையைச் செல்லமாகத் தட்டியபடி.

அழகுசாதனக் கடைக்குள் கண்காணிப்பாளர் நுழைவது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. உள்ளே எல்லாப் பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பையைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு மனிதர் இவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தாம் என்று பிடிபட்டது.

விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "சொல்லுங்க சார். அக்காவுக்கா, பாப்பாவுக்கா?"

"அலுவலகத்துக்கு."

அவள் இதற்கும் பயிற்சி பெற்றவள் போல ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. சுருட்டி வைத்திருந்த ஒரு தோல் உறையை மேசைமேல் உருட்டிவிட்டாள். உள்ளே வரிசையாகப் பிரஷ்கள். ஒரு முனையில் நாய்க்குட்டி வால் அளவுக்கு ஒன்று. மறு முனையில் பல் குத்துகிற அளவுக்கு ஒன்று.

"முப்பத்திரண்டு பீஸ் சார். இதுதான் இப்ப ட்ரெண்டு."

"இவங்க எல்லாரும் புதுசா ஆரம்பிக்கறவங்கம்மா. அவங்களுக்கு இவ்ளோ எதுக்கு?"

"பிகினருக்குத்தான் சார் முப்பத்திரண்டும் வேணும். நல்லா தெரிஞ்சவங்க மூணு நாலு வெச்சே சமாளிச்சிடுவாங்க. ரொம்பத் தெரிஞ்சவங்க விரலாலயே முடிச்சிடுவாங்க."

கண்காணிப்பாளர் இதை யோசித்தார். தம் அலுவலகத்திலும் வேலை தெரியாதவரின் மேசையில்தான் ரப்பர் முத்திரைகள் அதிகம் என்பது நினைவுக்கு வந்தது. அவர் மேசையிலேயே கணிசமாக இருந்தன. அந்த யோசனையை அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இது எதுக்கு?"

"இது பவுடருக்கு சார். இது ஃபவுண்டேஷன், அதாவது அடியில பூசற க்ரீமுக்கு. இது கன்னத்துச் சிவப்புக்கு. இது இமைக்கு. இது இமையோட மடிப்புக்கு. இது மடிப்போட ஓரத்துக்கு."

"ஓரத்துக்குத் தனியா?"

"ஓரத்துக்குத் தனியா இல்லன்னா மடிப்பு கோவிச்சுக்கும் சார்."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் புறங்கையில் தேய்த்தார், முள் மாதிரி குத்துகிறதா, பூனை மாதிரி உரசுகிறதா என்று பார்த்தார். பிறகு நுனி முடியைப் பிடித்து ஓர் இழுப்பு.

"ஐயோ சார், பிச்சுடாதீங்க!"

"கொட்டுதான்னு பாக்கறேம்மா."

அந்த நேரம் போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? பின்னால என்ன பாட்டுச் சத்தம்?"

"கடையில இருக்கேன். மேக்கப் பிரஷ் வாங்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"மூணாம் ஜன்னல்ல ஒரு பொண்ணு இருக்கு, அதுக்கு... இல்ல இல்ல, எல்லா ஜன்னலுக்கும்."

"நமக்குக் கல்யாணம் ஆனதிலேருந்து எனக்கு ஒரு பவுடர் டப்பா வாங்கிக் குடுத்திருப்பீங்களா?"

"இது ஆபீஸ் பிரஷ்மா."

"அதான் கேக்கறேன். நானும் ஒரு ஜன்னல் வெச்சு உட்காந்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"கேளேன். இது முடிஞ்சா டிரான்ஸ்ஃபர்ல கையெழுத்து போடறேன்னு டைரக்டர் சொல்லிட்டாரு."

மறுபக்கம் குரல் இறங்கியது. "நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"அப்போ நல்லதாப் பாத்து வாங்குங்க. முடி கொட்டாததா. அவசரப்படாதீங்க." பிறகு, போனை வைக்கும் முன்: "ரொம்ப யோசிச்சிட்டும் நிக்காதீங்க."

இரண்டு கட்டளைக்கும் நடுவில் நின்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆரம்ப நிலையில் இருக்கும் ஒரு முகத்துக்கு நான்கு பிரஷ் போதும்: பவுடருக்குப் பெரிதாக ஒன்று, அடிப்பூச்சுக்குத் தட்டையாக ஒன்று, கன்னத்துக்குச் சாய்வாக ஒன்று, புருவத்துக்குச் சின்னதாக ஒன்று. ஜன்னலுக்கு நான்கு வீதம் வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று. எளிமையாக இருந்தது. எளிமையாக இருந்ததால் அவருக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பயம் வீண் போகவில்லை. கொள்முதல் குழு கூடியது. இயக்குநர், துணை இயக்குநர், தணிக்கையாளர், தலைமை அலுவலகம் அனுப்பிய முகப்பொலிவு ஆலோசகர் ஆகியோர் வந்திருந்தார்கள். ஆலோசகர் இளம்பெண்; கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் போடாமல் தலையில் போட்டிருந்தாள்.

துணை இயக்குநர் குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஜன்னல்ல இருக்கறவங்களுக்கு நாலு பிரஷ்ஷா?"

"ஆமா சார். ஜனங்க பாக்கற முகம் அதுதானே."

"அப்போ டைரக்டருக்கு?"

"டைரக்டரை ஜனங்க பாக்கறதே இல்லையே சார்."

எல்லாரும் இயக்குநரின் பக்கம் திரும்பினார்கள். தாம் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லும் இடம் இதுவல்ல என்று கண்காணிப்பாளர் தாமதமாக உணர்ந்தார்.

துணை இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "நாற்காலி எப்படிக் குடுக்கறோம்? பதவி உயர உயர முதுகுப் பக்கம் உயரும். மேசையும் அப்படித்தான். பிரஷ் மட்டும் எப்படி எல்லாருக்கும் ஒரே மாதிரி? நாளைக்கு ஒரு இளநிலை உதவியாளர் டைரக்டர் சைசு பிரஷ்ஷ எடுத்து முகத்துல போட்டா, ஒழுங்கு என்ன ஆகும்?"

ஒழுங்கு கெடுவதை யாரும் விரும்பவில்லை. எனவே அளவுவாரியாகப் பிரஷ்களும் பதவிவாரியாக முகங்களும் அடுக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டன. ஆகப் பெரிய பவுடர் பிரஷ் இயக்குநருக்கு. அடிப்பூச்சுப் பிரஷ் துணை இயக்குநருக்கு. கன்னச் சிவப்புப் பிரஷ் கண்காணிப்பாளர் நிலைக்கு. இமைப் பிரஷ் உள்ளே கோப்பு எழுதும் உதவியாளர்களுக்கு. வண்டி ஓட்டுநருக்கு உதட்டுப் பிரஷ். பொதுமக்களை நேரில் பார்க்கிற ஜன்னல் ஊழியர்கள் எல்லாரிலும் இளையவர்கள் என்பதால், எல்லாவற்றிலும் சிறிய புருவப் பிரஷ். ஒருவருக்கு ஒதுக்கியதை இன்னொருவர் பயன்படுத்துவது நடத்தை விதிமீறல் ஆகும்.

"சார், ஆனா முழு முகமும்..." என்று தொடங்கினார் கண்காணிப்பாளர்.

"ஆபீஸ மொத்தமாப் பாத்தா முழு முகமும் இருக்கே," என்றார் இயக்குநர். "கூட்டுப் பொறுப்புன்னா அதுதான்."

அடுத்து முடி. ஆட்டு முடியா, செயற்கை நாரா? செயற்கையானது தம் பதவிக்கு இழுக்கு என்று இயக்குநர் கருதினார். ஆட்டு முடி என்றால் கால்நடைத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார் தணிக்கையாளர். கால்நடைத் துறைக்கு எழுதியதில், மேற்படி ஆடு தற்போது எங்குப் பணிபுரிகிறது என்று கேட்டுப் பதில் வந்தது. ஆகவே இயக்குநருக்கு மட்டும் 'ஆட்டு முடி போன்ற' பிரஷ் என்று எழுதி, மற்றவர்களுக்கு நாரே போதும் என்று முடிவானது.

கடைசியாக ஆலோசகர் எழுந்து நின்றாள். "இப்போ ஃபேஷன் என்னன்னா சார், மேக்கப் போட்டதே தெரியக் கூடாது. ஸ்கின் பேசணும்."

தணிக்கையாளர் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. இப்போது நிமிர்ந்தார். "போட்டது தெரியக் கூடாதா?"

"ஆமா சார். அதுதான் கலை."

"போட்டது தெரியலைன்னா போடலைன்னு அர்த்தம். பொருள் வாங்கியிருக்கு, பயன்படுத்தின தடயம் இல்லைன்னு ஆட்சேபணை எழுதுவேன்."

"சார், ஸ்கின்..."

"ஸ்கின் பேசறத நீங்க மினிட்ஸ்ல ஏத்துவீங்களா? வாசல்ல நின்னு பாத்தா, ஒவ்வொருத்தருக்கும் குடுத்த பிரஷ் அவங்க மூஞ்சில வேலை செஞ்சிருக்குன்னு என் கண்ணுக்குத் தெரியணும். அவ்ளோதான்."

ஆலோசகர் கறுப்புக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

திட்டம் நடைமுறைக்கு வந்த காலை, அலுவலகம் இதுவரை காணாத கோலத்தில் இருந்தது. இயக்குநர் மாவு மில்லுக்குள் தவறி விழுந்து எழுந்தவர் போல வெளுத்திருந்தார். இருமினால் மேசையில் படிந்தது. துணை இயக்குநரின் முகம் ஒரு நிறம், கழுத்து இன்னொரு நிறம். யாரோ அவசரத்தில் மாற்றி மாட்டியது போல. ஓட்டுநர் உதடு சிவக்க வண்டியில் உட்கார்ந்திருந்தார், யாரோடும் பேசவில்லை. கண்காணிப்பாளர் வாடகை அறையின் கண்ணாடி முன் நின்று இரு கன்னத்திலும் வட்டமாகச் சிவப்புப் பூசிக்கொண்டு வந்திருந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைவிட அதிகம் வெட்கப்படுகிற மாப்பிள்ளை போல அவர் இருந்தார் என்று பேசிக்கொண்டார்கள்.

ஜன்னல்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களுக்குக் கிடைத்தது புருவப் பிரஷ் மட்டும். வாசலில் நிற்கும் தணிக்கையாளருக்குத் தெரிய வேண்டுமென்றால் புருவம் கனமாக இருக்க வேண்டும். ஜன்னல் கம்பி மறைப்பதால் உயரமாகவும் இருக்க வேண்டும். மூன்றாம் ஜன்னல் பெண் கெட்டிக்காரி; தன் சொந்தப் புருவத்தைக் கைவிட்டு, நெற்றியின் நடுவில் வில் போல இரண்டு வரைந்துகொண்டாள். தணிக்கையாளர் வாசலிலேயே தலையசைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து மற்ற ஜன்னல்களும் வரைந்துகொண்டன. ஆனால் அவள் கைவண்ணம் அவர்களுக்கு வரவில்லை.

முதலில் வந்தவர் ஒரு தையல்கார அம்மாள். பையைத் தொப்பென்று பலகையில் வைத்தார். "ஏம்மா, எங்க தெருவுல தண்ணி வந்து மூணு வாரம் ஆச்சு!"

பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

தையல்கார அம்மாளின் கோபம் பாதி வழியில் நின்றது. எத்தனையோ வருஷமாக இந்த ஜன்னலில் புகார் சொல்கிறார். அதைக் கேட்டு ஓர் அலுவலர் இப்படி அதிர்ந்து போனதை அவர் பார்த்ததே இல்லை.

"மூணு வாரமாங்க?" என்றாள் பெண்.

"ஆமாம்மா. குடிக்கக் கூட..." அம்மாளின் குரல் தழுதழுத்தது. "சரி விடு கண்ணு. நீ மனச போட்டு அலட்டிக்காத. நீ என்ன பண்ணுவ பாவம்."

போகும்போது வாசலில் இருந்த கருத்துப் பெட்டியில் சிரிக்கும் முகப் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். இதுவரை அந்தப் பொத்தானை யாரும் அழுத்தாததால், அது உள்ளே போய் மாட்டிக்கொண்டது. குச்சியால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது.

செய்தி தெருத் தெருவாகப் பரவியது. "மூணாம் ஜன்னலுக்குப் போங்க. அந்தப் பொண்ணுக்கு நம்ம கஷ்டம் புரியுது." மற்ற ஜன்னல்கள் ஈ ஓட்டின. மூன்றாம் ஜன்னல் வரிசை வாசல் தாண்டிப் போயிற்று. ஏற்கெனவே ஒருமுறை சொன்னவர்கள் மறுபடி வந்து நின்றார்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்த தெருக்காரர்கள்கூட வந்தார்கள்.

கண்காணிப்பாளரிடம் அந்தப் பெண் முறையிட்டாள். "சார், எனக்கு பயமா இருக்கு. நான் ஆச்சரியப்படவே இல்ல சார். அது புருவம்."

"தெரியும்மா."

"நாள் பூரா கொட்டாவிதான் சார் வருது. அடக்கிப் பாத்தேன், முடியல, வாயத் தொறந்துட்டேன். எதிர்ல நின்ன பெரியவர் அழுதுட்டாரு. 'என்னை விட நீ துடிச்சுப் போயிட்டியேம்மா'ன்றாரு."

"நீ கொட்டாவிய அடக்காத," என்றார் கண்காணிப்பாளர். சொன்ன பிறகு, தாம் சொன்னது சரியா என்று நெடுநேரம் யோசித்தார். ஆனால் கோப்பில் தெளிவாக இருந்தது: புகார்கள் சரிந்துவிட்டன, திருப்தி உயர்ந்துவிட்டது. தண்ணீர் பழையபடியே வராமல் இருந்தது. அதில் எந்த மாற்றமும் இல்லாததால் அதைப் பற்றி அறிக்கையில் எழுத ஒன்றுமில்லை.

புருவம் வெளியேயும் போயிற்று. கடைக்காரர்கள் 'ஆபீஸ் புருவம்' என்று அட்டை எழுதி மாட்டி அந்தச் சின்னப் பிரஷ்ஷைத் தனியாக விற்றார்கள். கல்லூரிப் பெண்கள், வங்கிக்காரர்கள், வீடு பார்த்துக் கொடுக்கும் தரகர்கள் எல்லாரும் நெற்றி நடுவில் வரைந்துகொண்டார்கள். கடைசியில் புகார் சொல்ல வருகிறவர்களும் வரைந்துகொண்டு வந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதிர்ச்சி. "தண்ணி வரலைங்க!" "அப்படியாங்க!" "ஆமாங்க!" யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் இருவரும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனநிறைவோடு பிரிந்தார்கள்.

தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. எல்லா ஊர் அலுவலகங்களும் இந்த முன்மாதிரியைப் பின்பற்ற வேண்டும். இயக்குநர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அது மாட்டப்பட்ட காலையில் கண்காணிப்பாளர் அறைக்குள் போய் நின்றார்.

"சார், என் டிரான்ஸ்ஃபர்..."

"வாங்க வாங்க! உங்களப் பத்தித்தான் இப்போ பேசிட்டிருந்தேன். உங்கள எப்படிங்க விட முடியும்? இந்தத் துறையிலேயே பிரஷ் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. எல்லா ஊருக்கும் நீங்கதான் வாங்கிக் குடுக்கணும். தலைமை அலுவலகமே எழுதியிருக்கு."

"சார், நீங்க வாக்கு குடுத்தீங்க. திட்டம் ஒழுங்கா ஓடினா..."

"ஒழுங்கா ஓடினதாலதான் சிக்கலே! கொஞ்சம் கெட்டுப் போயிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன்."

கண்காணிப்பாளர் ஓரடி முன்னே வந்தார். "என் மனைவி அங்க தனியா இருக்காங்க சார். எத்தனை வருஷம்... எனக்கு வீட்டுல டம்ளர் எங்க இருக்குன்னு கூடத் தெரியல."

இயக்குநர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இரு கன்னமும் பளபளவென்று சிவந்திருந்தன.

"கஷ்டம்னு வாயால சொல்றீங்க. மூஞ்சியப் பாத்தா சந்தோஷமாத்தானே இருக்கீங்க?"

"அது பிரஷ் சார்."

"எதுவா இருந்தா என்ன. நிர்வாகம் கண்ணுக்குத் தெரியறத வெச்சுத்தான் முடிவெடுக்க முடியும்."

கண்காணிப்பாளர் வெளியே வந்து கைகழுவும் இடத்துக்குப் போனார். குழாயைத் திறந்தார். குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் தண்ணீர் வரவில்லை. வாளியில் பிடித்து வைத்திருந்ததை மொண்டு கன்னம் எரியும்வரை தேய்த்துக் கழுவினார். கண்ணாடியில் அவருடைய சொந்த முகம் வந்தது: கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, தொங்கிப்போன முகம். அதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இதைக் காட்டினால் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

மறுபடி அறைக்குள் போனபோது இயக்குநர் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "பணி நேரத்துல இப்படி வரக் கூடாது. திட்டத்துக்குப் பிரஷ் வாங்கினவரே மீறினா எப்படி?"

"சார், மனு..."

"சொந்தக் கோரிக்கையெல்லாம் இனிமே ஜன்னல் வழியாத்தான். ஜனங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?"

நியாயமாகத்தான் பட்டது. கண்காணிப்பாளர் ஒரு வெள்ளைத்தாளில் மனுவைப் புதிதாக எழுதி, வாசல் வழியாகச் சுற்றி வந்து, மூன்றாம் ஜன்னல் வரிசையின் கடைசியில் நின்றார். மற்ற ஜன்னல்கள் காலியாக இருந்தன. அங்கே போகலாமே என்று ஒரு கணம் தோன்றியது. கால் நகரவில்லை.

வரிசை நகர நகர அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்: அது நார்ப் பிரஷ், இருந்ததிலேயே சின்னது, நானே இழுத்துப் பார்த்து வாங்கியது. அந்தப் புருவத்துக்குள் ஒன்றுமில்லை.

அவர் முறை வந்தது. மனுவை உள்ளே தள்ளினார். "வருஷக்கணக்கா டிரான்ஸ்ஃபர் கேக்கறேம்மா. இல்லைன்னுட்டாங்க."

பெண் நிமிர்ந்தாள். அந்த இரண்டு புருவங்களும் நெற்றி நடுவில் நின்று அவரைப் பார்த்தன.

"அவ்ளோ வருஷமாவா சார்?"

அவ்வளவுதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமாம்மா," என்றார். "ஆமா. சரி விடு, நீ என்ன பண்ணுவ பாவம்."

மனுவை அவள் உள்ளே அனுப்பினாள். அது இயக்குநரின் இடதுபக்க இழுப்பறைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் வெளியே வரும்போது உடம்பு லேசாக இருந்தது. கருத்துப் பெட்டியைத் தாண்டுகையில் கை தானாக நீண்டு சிரிக்கும் முகத்தை அழுத்தியது.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். "கையெழுத்து ஆச்சா?"

"இல்லைன்னுட்டாரு."

அவரே அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா மனுவ ஜன்னல்ல குடுத்தேன். அந்தப் பொண்ணு எப்படி அதிர்ந்து போச்சு தெரியுமா? 'அவ்ளோ வருஷமாவா'ன்னு கேட்டுச்சு. மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு."

"அது வரைஞ்ச புருவம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. நான்தானே வாங்கினேன்."

"நானும் அவ்ளோ வருஷமா இதேதான் உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன். தனியா முடியலங்கன்னு. நீங்க என்ன சொல்வீங்க? 'பரிசீலனையில இருக்கு, பாக்கலாம்'பீங்க. ஒரு நாளாவது நீங்க புருவத்தத் தூக்கியிருக்கீங்களா?"

"போன்ல அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

எங்கோ அவள் வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "லீவுக்கு வரும்போது அந்தச் சின்ன பிரஷ்ல ஒண்ணு எடுத்துட்டு வாங்க. எனக்கு இல்ல. உங்களுக்கு."

போன் நின்றது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை அறைக் கண்ணாடியின் முன்னால் நின்றார். நின்றபடியே, மனைவி கடைசியாகச் சொன்னதை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்து, பிரஷ் ஏதும் இல்லாமல் புருவத்தை உயர்த்த முயன்றார். நெற்றியில் கோடுகள் விழுந்தன. காது அசைந்தது. புருவம் மட்டும், பணி நேரம் முடிந்துவிட்டது என்பது போல, இருந்த இடத்திலேயே இருந்தது.